எழுதுதகட்டின் எழுச்சியும் தேய்வும்

2025-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஜப்பானின் சோனி நிறுவனம், பதிவு செய்யத்தக்க புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை முற்றாக நிறுத்திக்கொண்டது. அவற்றுக்கு வழித்தோன்றலாகப் புதிய வகை எதுவும் வாராது என்பதையும் தன் அறிவிப்பிலேயே அது தெளிவுபடுத்தியிருந்தது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தோடு கூடிக் குறுந்தகடு என்னும் பொருளையே உலகுக்குத் தந்த நிறுவனம் அது. ஈன்ற கையே கதவடைத்த இந்நிகழ்ச்சி, நம்மில் பலர் அறியாமலே நிகழ்ந்து முடிந்தது.

கடையில் வெற்றாக வாங்கி வந்து, கணிப்பொறியில் இட்டு, வேண்டியவற்றை நாமே பதிந்துகொள்ளும் குறுந்தகட்டையே இக்கட்டுரை ‘எழுதுதகடு’ என்று குறிக்கிறது. பாட்டும் படமும் பதியப்பெற்றே விற்பனைக்கு வரும் தகடு வேறு. அதன் வரலாறு பெரிதும் வணிகத்தின் வரலாறு. எழுதுதகட்டின் வரலாறோ, தனிமனிதர் தம் எழுத்தையும் குரலையும் நிழற்படங்களையும் தாமே காத்துக்கொள்ள முயன்ற வரலாறு. கணிப்பொறியில் எழுதத் தொடங்கிய முதல் தலைமுறைத் தமிழ்க் கவிஞர்கள், எழுத்தாளர்கள் பலரின் ஆக்கங்கள் இத்தகடுகளிலேயே தங்கியுள்ளன. அத்தலைமுறையினர் நம் வட்டத்திலும் பலர். ஆதலின், இதன் எழுச்சியையும் தேய்வையும் அறிந்துகொள்வது நமக்குப் புறத்தேயுள்ள செய்தி ஒன்றை அறிவதாகாது.

தோற்றம்

இசைக் குறுந்தகடு 1982-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் இலக்கணத்தை வகுத்த தொழில்நுட்ப ஏட்டுக்குச் செந்நூல் என்று பெயர். கணிப்பொறித் தரவுகளுக்கான தகட்டின் இலக்கணம் மஞ்சள் நூல் எனப்பட்டது. அட்டை நிறத்தால் பெயர் பெற்ற இந்நூல்களின் வரிசையில், பயனாளரே எழுதிக்கொள்ளும் தகட்டுக்கு உரிய நூல் 1990-இல் வெளிவந்த ஆரஞ்சு நூலாகும்.

இலக்கணத்துக்கு முன்பே இலக்கியம் பிறந்துவிடும் என்பது நாம் அறிந்த உண்மை. இங்கும் அவ்வாறே நிகழ்ந்தது. மின்னணு உறுப்புகளைச் செய்துவந்த தாய்யோ யூதென் என்னும் ஜப்பானிய நிறுவனம் 1988-ஆம் ஆண்டிலேயே எழுதுதகட்டை உருவாக்கி அறிவித்துவிட்டது. அவ்வாய்வில் எமிகோ ஹமாதா என்னும் பெண் ஆய்வாளரின் பங்கு முதன்மையானது. அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் எளிதன்று. வீட்டில் எழுதப்படும் தகட்டை, ஏற்கெனவே உலகெங்கும் விற்பனையாகியிருந்த கருவிகளும் வேறுபாடு காணாமல் படித்தாக வேண்டும். அதற்குத் தகடு போதிய அளவு ஒளியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதே வேளையில் எழுதும் ஒளியை உள்வாங்கி மாற்றம் அடையவும் வேண்டும். ஒன்றற்கொன்று முரணான இவ்விரு பண்புகளையும், கரிமச் சாயம் ஒன்றை மெல்லிய படலமாகப் பூசி, அதன்மேல் பொன்படலம் இட்டு அவர்கள் இணைத்துக் காட்டினார்கள்.

எழுதும் முறை

தகட்டின் உடல் பாலிகார்பனேட் என்னும் நெகிழியால் ஆயது. விட்டம் 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருள் வடிவில் ஒரே பள்ளம் ஓடுகிறது. சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 1.6 மைக்ரோமீட்டரே. இப்பள்ளத்தின்மேல் சாயப்படலமும், அதன்மேல் பொன் அல்லது வெள்ளிப் படலமும், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய அரக்குப் பூச்சும் அமைகின்றன. எழுதும்போது லேசர் ஒளி சாயத்தைச் சுட்டு மாற்றுகிறது. சுட்ட இடமும் சுடாத இடமும் ஒளியை வெவ்வேறு அளவில் திருப்புகின்றன, அவ்வேறுபாடே எழுத்தாகிறது.

இச்செயலுக்கு ஆங்கில வழக்கைத் தழுவி ‘எரித்தல்’ என்று சிலர் பெயரிட்டனர். ‘சிடி ரைட் பண்ணித் தாருங்கள்’ என்பதே நம் கடைத்தெருவின் வழக்காக நிலைத்தது. ‘ரைட்’ என்னும் பிறமொழிச் சொல்லுக்குள் நம் எழுத்துத்தொழில் அடங்கியிருப்பதைக் கவிஞர்கள் கவனிக்கலாம். தகட்டின் பெயரும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. தமிழகத்தில் குறுந்தகடு, குறுவட்டு என்றும், ஈழத் தமிழரிடையே இறுவட்டு என்றும் அது வழங்கலாயிற்று.

ஒருமுறை சுட்ட சாயம் மீளாது. அழித்தெழுதத்தக்க தகடு 1997 அளவில் வந்தபோதிலும், மக்களிடையே பெருவழக்குப் பெற்றது ஒருமுறை மட்டுமே எழுதத்தக்க தகடுதான். எழுத்தாணியால் ஓலையில் கீறிய எழுத்தைப் போல் அது நின்றுவிடும். பதிவு முடிந்தபின் தகட்டை ‘மூடிவிடும்’ வழக்கமும் இருந்தது. மூடிய தகட்டில் மேலும் எதையும் சேர்க்க இயலாது. ஒரு தொகுப்பு நிறைவெய்திற்று என்று அறிவிக்கும் முத்திரையாகவே அது அமைந்தது. எழுதிமுடித்த ஆக்கத்தைத் திருத்தும் ஆசையிலிருந்து விடுபடாத நமக்கு, இக்கண்டிப்பு ஒருவகையில் துணையாகவும் இருந்தது.

தொடக்கக் காலத்தில் இவ்வெழுதுதல் ஒரு நோன்பைப் போன்றது. கணிப்பொறியிலிருந்து தகட்டுக்குச் செல்லும் தரவு ஓட்டம் ஒரு நொடி தடைப்பட்டாலும் தகடு பாழாகிவிடும். எனவே பதிவு முடியும்வரை கணிப்பொறியைத் தொடாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. இக்குறையை நீக்கும் நுட்பத்தைச் சான்யோ நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் கொணர்ந்தது. பாழான தகடுகள் நம்மூர்களில் வயல்களிலும் மாடிகளிலும் கயிற்றில் தொங்கிப் பறவைகளை ஓட்டின; மிதிவண்டிகளின் பின்புறத்தில் ஒளி திருப்பும் கண்களாகவும் அமர்ந்தன.

இல்லம் புகுந்த தகடு

முதற்பதிவுக் கருவிகள் பல்லாயிரம் டாலர் விலையுடையன. நிறுவனங்களன்றித் தனிமனிதர் அவற்றை அணுக இயலவில்லை. 1995-இல் ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனம் 1000 டாலருக்கும் குறைந்த விலையில் பதிவுக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன்பின் விலை விரைந்து சரிந்தது.

அந்நாளில் கணிப்பொறிப் பயனாளரின் கையிருப்பு 1.44 மெகாபைட் கொள்ளும் நெகிழ்வட்டு. மக்கள் வழக்கில் ஃபிளாப்பி. 650 மெகாபைட் கொள்ளும் ஒரு தகடு ஏறத்தாழ 450 ஃபிளாப்பிகளுக்கு நிகர். ஒருவர் வாழ்நாள் முழுதும் எழுதிய கவிதைகள், கட்டுரைகள், மடல்கள் யாவும் ஒரே தகட்டில் அடங்கி இடம் மிஞ்சும். ஒரு மனிதனின் எழுத்து முழுமையும் உள்ளங்கையளவு வட்டத்தில் அமைந்துவிடுகிறது என்னும் வியப்பை அதற்கு முன் எந்த எழுதுபொருளும் தந்ததில்லை.

இந்தியாவில் இவ்வளர்ச்சியின் பெயர் மோசர் பேயர். 1983-இல் தில்லியில் தீபக் புரி தொடங்கிய இந்நிறுவனம் முதலில் நேரப்பதிவுக் கருவிகளையும், 1988 முதல் ஃபிளாப்பிகளையும், 1999 முதல் எழுதுதகடுகளையும் செய்தது. சில ஆண்டுகளிலேயே உலகின் மிகப் பெரிய தகட்டு உற்பத்தியாளர்களுள் ஒன்றாக உயர்ந்தது. இந்தியத் தகடுகளின் மலிவு, 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின்மீது தனித்தீர்வை விதிக்கும் அளவுக்குச் சென்றது. நம் ஊர்க் கடைகளில் ஒரு வெற்றுத் தகடு 10, 15 ரூபாய்க்குக் கிடைக்கலாயிற்று. இணைய மையங்களிலும் நிழற்படக் கடைகளிலும் தகடு எழுதித் தருவது ஒரு சிறு தொழிலாக வேரூன்றியது.

இந்நிறுவனத்துக்குத் தமிழிலக்கியத்தோடும் ஓர் உறவு உண்டு. ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ என்னும் சிறுகதையைத் தழுவி, சசி இயக்கத்தில் 2008-இல் வெளிவந்த ‘பூ’ திரைப்படத்தின் தயாரிப்பில் மோசர் பேயருக்குப் பங்கிருந்தது. தகடு விற்ற பணம் ஒரு தமிழ்ச் சிறுகதையைத் திரைக்குக் கொண்டுசேர்த்ததை நம் இலக்கிய வரலாற்றின் ஓரக்குறிப்பாகவேனும் எழுதிவைக்கலாம்.

கல்வி உலகிலும் தகடு இடம்பெற்றது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் வகுத்த நெறிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியையும் அளிக்குமாறு பணித்தன. என் தலைமுறை ஆய்வாளர்களின் ஏடுகள் பலவற்றில், பின்னட்டையின் உட்புறம் ஒட்டிய காகித உறையில் ஒரு தகடு உறங்குவதை இன்றும் நூலகங்களில் காணலாம். ஆய்வேடு கைக்கெட்டும் நிலையில் இருக்கிறது. உறையிலுள்ள தகட்டைப் படிக்கும் கருவிதான் அருகில் இல்லை.

தேய்வின் காரணங்கள்

எழுதுதகட்டின் தேய்வுக்கு ஒன்றையொன்று வலுப்படுத்திய நான்கு காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, வேறொரு சேமிப்புப் பொருளின் வருகை. 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனமும் ஐபிஎம் நிறுவனமும் யுஎஸ்பி நினைவுக் கருவிகளை விற்பனைக்குக் கொணர்ந்தன. பென் டிரைவ் என்று மக்களும் விரலி என்று தமிழார்வலரும் அழைத்த அக்கருவி, ஐபிஎம் விற்ற முதல் வடிவில் 8 மெகாபைட் மட்டுமே கொண்டது. எனினும் எத்தனை முறையும் அழித்தெழுதலாம், எழுதக் காத்திருக்க வேண்டுவதில்லை, சட்டைப்பையில் அடங்கும். அதன் கொள்ளளவு பெருகப் பெருகத் தகட்டின் இடம் சுருங்கிற்று.

இரண்டாவது, தகட்டுலகின் உட்பூசல். எழுதத்தக்க டிவிடி 1997-இல் ஒரு வடிவிலும், 2002-இல் அதற்குப் போட்டியான மற்றொரு வடிவிலும் வந்தது. கழித்தற்குறி இட்டது ஒன்று, கூட்டற்குறி இட்டது மற்றொன்று. எது எந்தக் கருவியில் ஓடும் என்று அறியாமல் பயனாளர் திகைத்தனர். நீல லேசரால் எழுதும் அடுத்த தலைமுறைத் தகட்டிலும் புளூ-ரே, எச்டி டிவிடி என இரு கட்சிகள் பொருதன. 2008 பிப்ரவரியில் தோஷிபா நிறுவனம் எச்டி டிவிடியைக் கைவிட்டதும் போர் முடிந்தது. ஆயின், வென்றவர் ஆள வேண்டிய நாடு அதற்குள் வேறு கைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது, கணிப்பொறியிலிருந்தே தகட்டுக் கருவி நீக்கப்பட்டமை. 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் தகட்டுக் கருவி இல்லாத மெல்லிய மடிக்கணினி ஒன்றை வெளியிட்டது. 2012-இல் அதன் மேசைக் கணினியிலும் அக்கருவி நீங்கிற்று. பிற நிறுவனங்களும் அவ்வழியே நடந்தன. வாயில் அடைபட்டபின் விருந்தினர் வரவு தானே நின்றுபோகும் அன்றோ?

நான்காவதும் முதன்மையானதும், சேமிப்பு என்னும் கருத்தே மாறியமை. டிராப்பாக்ஸ் 2008-இலும் கூகிள் டிரைவ் 2012-இலும் தொடங்கின. இந்தியாவில் 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகையை ஒட்டி அலைபேசி இணையத்தின் விலை வீழ்ந்தது. பொருளைக் கையில் கொடுப்பதற்கு மாறாக இணைப்பை அனுப்புவது வழக்கமாயிற்று. தன்னிடம் வைத்திருத்தல் போய், எங்கோ இருப்பதைப் பார்த்துக்கொள்ளுதல் வந்தது.

இவற்றின் விளைவு, நம் வட்டத்தின் வாழ்வோடு ஏறத்தாழ ஒட்டிவரும் இப்பத்தாண்டிலேயே வெளிப்பட்டது. எழுதுதகட்டைக் கண்டறிந்த தாய்யோ யூதென் 2015 இறுதியில் அத்தொழிலிலிருந்து விலகிற்று. மோசர் பேயரைக் கலைத்து விற்குமாறு 2018 செப்டம்பரில் நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2023 பிப்ரவரியில் பானசோனிக் எழுதத்தக்க புளூ-ரே உற்பத்தியை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் சோனியும் நிறுத்தியது. தகடு அடியோடு மறைந்துவிடவில்லை. தைவானின் சிஎம்சி போன்ற சிலர் கையில் தொழில் எஞ்சியுள்ளது. ஆயினும் அது வீட்டுப் பொருள் என்னும் நிலையை இழந்துவிட்டது.

நிலைபேறு என்னும் வாக்குறுதி

எழுதுதகடு நூறாண்டும் அதற்கு மேலும் நிலைக்கும் என்று உற்பத்தியாளர்கள் விளம்பரம் செய்தனர். தக்க பொருளால் செய்து, தக்கவாறு எழுதி, இருளும் குளிர்ச்சியும் உலர்ச்சியும் உள்ள இடத்தில் வைத்தால் அக்கூற்று பொய்யாகாதிருக்கலாம். நம் வீடுகளில் அச்சூழல் வாய்ப்பது அரிது. சாயம் வெயிலுக்கு வெளிறும். வெள்ளிப்படலம் ஈரத்தால் கறுக்கும். மேலும், குறுந்தகட்டில் எழுத்தடுக்கு இருப்பது நாம் அஞ்சிப் பேணும் பளபளப்பான அடிப்புறத்தை ஒட்டியன்று. பெயர் எழுதும் மேற்புறத்து அரக்குப் பூச்சுக்கு நேர் கீழே. கூர்மையான பேனாவால் தலைப்பு எழுதியவர்கள், காக்க எண்ணியதையே கீறியவர்கள் ஆயினர்.

ஆயிரம் ஆண்டு நிலைக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட தகடும் ஒன்று உண்டு. சாயத்துக்கு மாற்றாகக் கல்லை ஒத்த கனிமப் படலத்தில் எழுதும் அத்தகட்டைச் செய்த அமெரிக்காவின் மில்லெனியாட்டா நிறுவனம் 2016-இல் நொடித்துப்போயிற்று. தகடு நிலைக்கலாம், அதைச் செய்வோரும் படிக்கும் கருவியைச் செய்வோரும் நிலைப்பார்களா என்பதே வினா.

இவ்வினாவுக்குப் பிரிட்டன் முன்பே ஒரு விடை கண்டது. 1086-இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் வில்லியம் தொகுப்பித்த நிலக்கணக்கேட்டின் 900-ஆம் ஆண்டு நினைவாக, 1986-இல் பிபிசி நிறுவனம் மக்கள் பங்களிப்புடன் நாட்டின் வாழ்வைத் தொகுத்துச் சிறப்பு லேசர் தகடுகளில் வெளியிட்டது. அவை எழுதுதகடுகள் அல்ல. எனினும் அவற்றின் கதை நமக்குப் பொருந்தும். பதினைந்து ஆண்டு கழிவதற்குள் அவற்றைப் படிக்கும் கருவிகள் அருகிவிட்டன. உள்ளடக்கத்தை மீட்கத் தனியே ஆய்வுத்திட்டம் வேண்டியிருந்தது. 900 ஆண்டு மூத்த தோலேட்டையோ, பயின்றோர் இன்றும் கண்ணாலேயே படிக்கிறார்கள்.

எழுத்துருவின் சிக்கல்

தமிழர்க்கு இதனின் மேலும் ஒரு சிக்கல் உண்டு. தகடு கெடாமல் இருந்து, கருவியும் கிடைத்து, கோப்பும் திறந்துவிட்டாலும் தமிழ் தோன்றாமல் போகலாம். தமிழெழுத்துகள் 1991-இலேயே யூனிகோடு முறையில் இடம்பெற்றன. எனினும் நடைமுறையில் நெடுங்காலம் வழங்கியவை தனித்தனி எழுத்துருக்களும் அவற்றுக்குரிய தனித்தனிக் குறியேற்றங்களுமே. பாமினியில் எழுதியது ஒன்று, திஸ்கியில் எழுதியது ஒன்று, 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் முறைகளில் எழுதியது ஒன்று. தமிழக அரசு யூனிகோடு முறையையும் 16 இருமி அனைத்தெழுத்து முறையையும் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். அதற்கு முந்தைய கோப்புகளை உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால், கவிதை இருந்த இடத்தில் பொருளற்ற உரோமன் எழுத்துகளின் குவியலே காணக்கிடைக்கும்.

அச்சகங்களின் நிலையும் இதுவே. அக்காலத்துத் தமிழ் நூல்களும் சிற்றிதழ்களும் பலவாகப் பேஜ்மேக்கர் மென்பொருளில் வடிவமைக்கப்பட்டுத் தகடுகளில் வைக்கப்பட்டன. அம்மென்பொருளின் ஏழாம் பதிப்பு 2001-இல் வந்தது. அதன்பின் எட்டாம் பதிப்பு வரவேயில்லை. நம்மவர் பலரின் முதற்கவிதைத் தொகுப்பு, அச்சுப்படி தீர்ந்த நிலையில், இத்தகைய தகடு ஒன்றில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.

இழந்தது எது?

தகடு போனால் என்ன, மேகச் சேமிப்பு இருக்கிறதே என்று வினவலாம். அது இடம் மிகுந்தது, எளியது என்பதில் ஐயமில்லை. ஆயின் அது வாடகை வீடு. கூகிள் நிறுவனம் 2015-இல் நிழற்படங்களுக்கு அளவிலாத இலவச இடம் தந்தது. 2021 ஜூன் முதல் அச்சலுகையை நிறுத்திக்கொண்டது. இரண்டாண்டு பயன்படுத்தப்படாத தனியாள் கணக்குகளை உள்ளடக்கத்தோடு அழிக்கும் நெறியை 2023-இல் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது.

இவ்விரண்டாண்டு என்னும் எல்லையை இலக்கிய வரலாற்றின் கண்கொண்டு நோக்குதல் வேண்டும். ஒரு கவிஞர் மறைகிறார். அவர் பெட்டியைப் பிள்ளைகள் திறப்பதற்கே சில ஆண்டுகள் ஆகலாம். அவர் எழுத்தின் அருமையைப் பேரப்பிள்ளைகளே உணரலாம். சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் பதிப்பித்த நூல்களின் ஏடுகள், அவற்றின் பொருள் அறியாதோர் வீடுகளிலும் மடங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தவை. அறியாதோர் கையிலும் தங்கியிருக்கும் ஆற்றல் அவ்வேடுகளுக்கு இருந்தது. எழுதுதகடும் அத்தகையதே. கடவுச்சொல் இல்லாமலே அலமாரியில் கிடக்கும். மேலே எழுதிய பெயரும் நாளும் கண்டு எவரேனும் எடுக்கலாம். கணக்கொன்றில் பூட்டிய எழுத்தோ, உரியவர் வாராவிடில் வீட்டார் அறியாமலே நீங்கிவிடும். தகட்டின் தேய்வால் நாம் இழந்தது கொள்ளளவு அன்று. எழுத்தை ஒரு பொருளாகக் கையளிக்கும் வழி.

அதே வேளையில், தகடு நமக்கு ஊட்டிய மயக்கம் ஒன்றையும் மறத்தலாகாது. ஒருமுறை எழுதினால் போதும், இனிக் கவலையில்லை என்பதே அம்மயக்கம். ஓலையைப் பேணிய முன்னோர்க்கு அம்மயக்கம் இல்லை. ஓலை செல்லரிக்கும், முறியும், பொடியும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதிக்கொண்டே வந்தனர். பெயர்த்தெழுதப்பட்டவை நமக்குக் கிடைத்தன. பெயர்த்தெழுதப்படாதவற்றுள் பல, உரையாசிரியர் மேற்கோள்களில் பெயரளவாய் நிற்கின்றன.

நிறைவாக

நம் அலமாரிகளில் உள்ள தகடுகளுக்குக் காலம் இன்னும் முற்றாகக் கடந்துவிடவில்லை. யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளிப்புறத் தகட்டுக் கருவிகள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. பழைய எழுத்துருக்களில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்களும் உள்ளன. செய்ய வேண்டுவது இதுவே: தகட்டிலுள்ளதை முழுமையாகப் படியெடுத்தல், எழுத்துருக் கோப்பையும் உடன் காத்தல், யூனிகோடுக்கு மாற்றி மூலத்தோடு ஒப்புநோக்கல், இரண்டு இடங்களிலேனும் வைத்தல், சிறந்தவற்றைத் தாளில் அச்சிடல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பெயர்த்தல்.

தனியொருவர் செய்யச் சோர்வு தரும் பணி இது. பலர் கூடினால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் முடியும். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், பதினோராம் ஆண்டின் முதற்பணியாக உறுப்பினர்தம் தகடுகளைத் திரட்டிப் பெயர்த்தெழுதும் முயற்சியை மேற்கொள்ளுமாயின், இம்மலரினும் நெடுநாள் நிற்கும் தொகுப்பு ஒன்று நமக்குக் கிட்டும். அன்பர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தத்தம் தகடுகளையும் எடுத்து வருவார்களாக.